ஒரு குழாய் ரத்தமும் காலை அமர்வும்

மாஸ்டருக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. இதை ஒப்புக்கொள்ளத்தான் அந்தக் கட்டடத்தில் ஆள் இல்லை.

மாஸ்டர் என்றதும் பள்ளிக்கூடத்து மாஸ்டர் என்று நினைத்துவிட வேண்டாம். இவர் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவர். புதிதாக ஸ்டியரிங் பிடிக்கிறவர்களின் கையில் தன் உயிரைக் கொடுத்துவிட்டு, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "பதறாதீங்க, கண்ணாடியைப் பாருங்க" என்று நாள் முழுக்க ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருப்பவர். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட யாரையும் கடிந்து பேசியதில்லை. அப்பேர்ப்பட்ட மனிதரின் பொறுமையையும் தீர்த்துக்கட்டலாம் என்று நிரூபித்த பெருமை, மரபணு வெளிப்பாட்டு ஆராய்ச்சி நிறுவனத்தையே சேரும். மற்றபடி அந்த நிறுவனம் எதையும் நிரூபித்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஊரில் புதுக் காய்ச்சல் ஒன்று பரவிக்கொண்டிருந்த நேரம் அது. மாஸ்டரின் காரில் தினமும் புதுப்புது ஆட்கள் ஏறினார்கள். ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இருமினார்கள், தும்மினார்கள், அதே கையால் கியர் மாற்றினார்கள். வீட்டில் மனைவிக்கு நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. கல்யாணமாகி நெடுங்காலம் கழித்து, டாக்டர்களெல்லாம் கையை விரித்த பிறகு, தானாகத் தங்கிய பிள்ளை அது. காய்ச்சலை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவோமோ என்ற பயத்தில் மாஸ்டருக்குத் தூக்கம் போயிற்று. அப்போதுதான் தடுப்பூசிச் சோதனைக்கு ஆட்கள் வேண்டும் என்று அந்த நிறுவனம் போட்ட அறிவிப்பைப் பார்த்தார். ஊரார் எல்லோருக்கும் முன்னால் தனக்கு ஊசி கிடைக்கும், வீடு பிழைக்கும் என்று கணக்குப் போட்டு, போய்க் கையை நீட்டினார்.

ஊசி போட்டார்கள். சில நாள் கழித்து ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் மதியம் போன் வந்தது. உடனே வர வேண்டும், வரும்போது யாரையும் தொட வேண்டாம் என்றார்கள்.

இயக்குநரின் அறையில் சுவர் உயரத்துக்கு ஒரு படம் மாட்டியிருந்தது. படம் முழுக்கப் பொடிப்பொடிக் கட்டங்கள். அங்கங்கே நீலம், மற்றதெல்லாம் சிவப்பு.

"இது நீங்க," என்றார் இயக்குநர்.

"நல்லா இருக்கு சார்," என்றார் மாஸ்டர், வேறென்ன சொல்வதென்று தெரியாமல்.

"நல்லா இல்ல. அதுதான் சிக்கலே."

இயக்குநர் மரியாதை தெரிந்த மனிதர். ஆனால் எதிரே ஒருவர் உட்கார்ந்திருந்தாலும் பின்னால் ஒரு கூட்டம் இருப்பதைப் போல உட்கார்ந்திருப்பவரின் தலைக்குமேல் பார்த்துப் பேசும் பழக்கம் அவருக்கு உண்டு. மாஸ்டர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். பின்னால் அலமாரிதான் இருந்தது.

"உங்க உடம்புல இருக்கற ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஆயிரக்கணக்கான மரபணு இருக்கு. எல்லாம் எப்பவும் பேசிக்கிட்டே இருக்காது. சிலது தூங்கும், சிலது முணுமுணுக்கும். நோய் உள்ள நுழைஞ்சா சிலது கத்த ஆரம்பிக்கும். இந்தப் பேச்சுக்குத்தான் மரபணு வெளிப்பாடுன்னு பேரு. யார் கத்தறாங்க, யார் சும்மா இருக்காங்கன்னு எங்க மிஷின் கேட்டுச் சொல்லிடும். சிவப்புன்னா கத்தல், நீலம்னா மௌனம். ஊசி போட்டவங்க எல்லாருக்கும் கொஞ்சம் சிவப்பு வரும், வரணும். உங்களுக்கு வந்திருக்கறது கலவரம்."

"எனக்கு ஒண்ணுமே பண்ணலையே சார். காலைலகூட ஒரு அம்மாவுக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்துட்டுத்தான் வந்தேன்."

"உங்களுக்கு எப்படி இருக்குங்கறது ஆதாரம் ஆகாது. நோயாளியோட அபிப்பிராயத்துல இருந்து மருத்துவத்தைக் காப்பாத்தறதுக்குத்தான் இந்த நிறுவனத்தையே ஆரம்பிச்சிருக்கோம்."

கட்டம் நீலமாகும்வரை மாஸ்டர் மேல்மாடித் தனியறையில் தங்க வேண்டும். கோபித்துக்கொண்டு போனால் போகலாம், யாரும் கையைப் பிடித்து இழுக்கப்போவதில்லை. ஆனால் போனால் பெயர் காய்ச்சல்காரர்கள் வரிசையில் ஏறிவிடும். அப்படி ஏறிய வீட்டிலிருந்து யாரையும், பிரசவம் என்றாலும், எந்த ஆஸ்பத்திரியும் உள்ளே விடாது. இதை இயக்குநர் வருத்தத்தோடுதான் சொன்னார். சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

மாஸ்டர் அறைக்குப் போய் மனைவிக்கு போன் செய்தார்.

"காய்ச்சல் இருக்குதாங்க?"

"இல்லம்மா."

"இருமல்?"

"அதுவும் இல்ல."

"அப்ப என்னதான் இருக்கு?"

"சிவப்பு இருக்காம்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்க வைக்காதீங்க, உள்ள இருக்கறது உதைக்குது," என்றாள். மாஸ்டரும் சிரித்தார். ரெண்டு நாளில் வந்துவிடுவதாகச் சொன்னார்.

அறை சுத்தமாகத்தான் இருந்தது. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, திறக்க முடியாத ஜன்னல். கதவுப் பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடைபாதை, அதையும் தாண்டினால் இன்னொரு கண்ணாடிக்குள் நிறுவனத்தின் கூட்ட அறை. கட்டிலில் படுத்தபடியே கூட்ட அறை முழுவதையும் பார்க்கலாம். சத்தம் வராது. நடைபாதையில் ஒரு ஒலிபெருக்கி இருந்ததால் இயக்குநர் பேசுவது மட்டும் கேட்கும்.

காலையில் நர்ஸ் வந்து ரத்தம் எடுத்தாள். நடுத்தர வயது, எதற்கும் ஆச்சரியப்படாத முகம். சிவப்பு மூடி போட்ட குழாயை ஒரு வெல்வெட் துணி விரித்த தட்டில் வைத்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனாள். மாஸ்டர் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தட்டு கீழே ஆய்வகத்துக்குப் போகவில்லை. நேராகக் கூட்ட அறைக்குப் போயிற்று. நீள மேஜையின் நடுவில் மெருகேற்றிய மரத்தாங்கி ஒன்று இருந்தது. குழாயை அதில் நிற்க வைத்தார்கள். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்று மறுபடி உட்கார்ந்தார்கள்.

இதற்குக் காலை அமர்வு என்று பெயர். நிறுவனம் திறந்த அன்று ஒரு மந்திரி வந்திருந்தார். முதல் ரத்தக் குழாயை மேடையில் வைத்து, அதைச் சாட்சியாகக் கொண்டு ஆளாளுக்குப் பேசினார்கள். பேச்சு முடிந்து, சாப்பாடு முடிந்து, போட்டோ எடுத்து முடிந்த பிறகு யாருக்கோ ஞாபகம் வந்து குழாயை மிஷினுக்கு அனுப்பினார்கள். வந்த படம் அப்படியொரு சிவப்பு. உலகத்தில் எந்த ஆய்வகத்திலும் அவ்வளவு தெளிவான சிவப்பு வந்ததில்லை என்று வெளியூரிலிருந்தெல்லாம் பாராட்டு வந்தது. அன்றிலிருந்து எந்தக் குழாயும் கூட்டத்தில் உட்காராமல் மிஷினுக்குப் போகக் கூடாது என்று விதி செய்துவிட்டார்கள். வெற்றி தந்த முறையை மாற்றுவது அறிவியலுக்கே விரோதம் என்று இயக்குநர் அதற்கு விளக்கமும் கொடுத்திருந்தார்.

மாஸ்டரின் குழாய் அன்றைக்கு நெடுநேரம் உட்கார்ந்தது. இயக்குநர் பேசினார். துணை இயக்குநர், இயக்குநர் பேசியதைப் பற்றிப் பேசினார். தேநீர் வந்தது. முந்தைய நாள் அமர்வில் பேசியது சரிதானா என்று ஒருவர் வாசித்தார், சரிதான் என்று மற்றவர்கள் கைதூக்கினார்கள். வெயில் மேஜையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நகர்ந்து போனது. மதியம் கடந்து டெக்னீஷியன் வந்து, குழாயைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

சாயங்காலம் படம் வந்தது. முன்னைவிடச் சிவப்பு.

"தீவிரமாகிக்கிட்டே போகுது," என்று இயக்குநர் கண்ணாடிக்கு வெளியே நின்று சொன்னார். அவர் முகத்தில் கவலை இருந்தது. கண்ணில் வேறு ஏதோ இருந்தது. மகனுக்கு நல்ல மார்க் வந்த அப்பாவின் கண் அப்படித்தான் இருக்கும்.

மனைவி இந்தத் தடவை சிரிக்கவில்லை. "ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் லெஃப்ட்ல போ, ரைட்ல போன்னு சொல்றீங்க, அந்த ஆளுக்கு ஒரு வழி சொல்லத் தெரியலையா உங்களுக்கு? வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று ஆரம்பித்து, மூச்சு விடாமல் வாங்கு வாங்கென்று வாங்கினாள். மாஸ்டர் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு கேட்டார். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் ரத்தம் எடுக்க வந்த நர்ஸிடம் கேட்டார். "சிஸ்டர், இந்தக் குழாயை அவ்வளவு நேரம் மேஜைமேல வெச்சிருக்கீங்களே, அதுக்கு ஒண்ணும் ஆகாதா?"

"ஆகும்," என்றாள் நர்ஸ், பஞ்சை அழுத்தியபடி. "கையை மடக்கி வெச்சுக்கோங்க."

"என்ன ஆகும்?"

"அதெல்லாம் டெக்னீஷியன் சார்தான் விவரமா சொல்லுவாரு. எனக்கு எடுக்கத்தான் தெரியும்."

டெக்னீஷியன் மத்தியானம் வந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டு, மறுபடி கழற்றும் ஆள். கேட்டதும் மழுப்பாமல் சொல்லிவிட்டார்.

"ரத்தம் வெளிய வந்த உடனே செத்துடாது மாஸ்டர். உள்ள இருக்கற செல்லெல்லாம் உயிரோடதான் இருக்கும். பழக்கமில்லாத குழாய்க்குள்ள அடைச்சு, ஏசி ரூம்ல மணிக்கணக்கா நிக்க வெச்சா அதுக்கும் பதட்டம் வரும். கத்தும். அந்தக் கத்தலைத்தான் நாங்க அளந்து படம் போடறோம்."

"அப்ப என் உடம்புக்கு?"

"உங்க உடம்புக்கு ஒண்ணும் இல்ல. உங்க ரத்தத்துக்குத்தான் எரிச்சல். முதல் தடவை எடுத்தப்பவே உங்க குழாய் மாட்டிக்கிச்சு. அன்னிக்கு டைரக்டருக்கு ஏதோ விருது அறிவிச்சிருந்தாங்க. நன்றி சொல்ல ஆரம்பிச்சவரு, ஒண்ணாங்கிளாஸ் டீச்சர்ல இருந்து ஆரம்பிச்சாரு."

மாஸ்டர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எடுத்த உடனே கெடாம வைக்கறதுக்கு வழி ஒண்ணும் இல்லையா?"

"ஏன் இல்லாம? அதுக்குன்னே மருந்து ஊத்தின குழாய் வருது. ரத்தம் உள்ள போன நிமிஷமே, அது என்ன பேசிக்கிட்டு இருந்துதோ அப்படியே உறைஞ்சு நின்னுடும். பெட்டி பெட்டியா வாங்கி ஸ்டோர் ரூம்ல வெச்சிருக்கோம். அதுல விட்டா ரத்தம் சேத்துத்தண்ணி மாதிரி ஆயிடுது. போட்டோவுக்கு நல்லா இல்லன்னு வேண்டாம்னுட்டாங்க."

"இதெல்லாம் டைரக்டருக்குத் தெரியாதா?"

டெக்னீஷியன் கண்ணாடியைக் கழற்றினார். "அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்ததே. எடுத்த ரத்தத்தைச் சும்மா வெச்சிருந்தா மரபணு வெளிப்பாடு எப்படியெல்லாம் கெட்டுப்போகும்னு கண்டுபிடிச்சு எழுதித்தான் அவரு டாக்டர் பட்டமே வாங்கினாரு. அந்தக் காலத்துல ராத்திரி பகலா வேலை செய்வாராம். நல்ல மனுஷன்."

மாஸ்டர் இயக்குநரைப் பார்க்க வேண்டும் என்றார். இயக்குநர் வந்தார். நடைபாதையில் நாற்காலி போட்டுக் கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்தார். மாஸ்டர் தனக்குத் தெரிந்ததையெல்லாம் தட்டுத்தடுமாறிச் சொன்னார். இயக்குநர் குறுக்கே பேசவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"முழுக்க உண்மை," என்றார் கடைசியில்.

மாஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்ப நான் கிளம்பலாமா சார்?"

"அது எப்படி முடியும்? நீங்க ஒண்ணைப் புரிஞ்சுக்கணும். காக்க வெச்சா ரத்தம் சிவக்கும், சரி. ஆனா நாங்க உங்க ஒருத்தர் ரத்தத்தை மட்டுமா காக்க வைக்கறோம்? எல்லாருதையும் காக்க வைக்கறோம். ஏழை பணக்காரன்னு பாரபட்சமே கிடையாது. இவ்வளவு இருந்தா ஆரோக்கியம், இவ்வளவு இருந்தா நோய்னு நாங்க போட்டிருக்கற எல்லைக்கோடு இருக்கே, அது பூரா காத்திருந்த ரத்தத்தை வெச்சுப் போட்ட கோடு. இப்ப திடீர்னு காக்க வைக்காத ரத்தத்தைக் கொண்டுவந்தா, அதை நான் எதோட ஒப்பிடறது?"

"என்னோடது மத்தவங்களைவிட ரொம்ப நேரம் நின்னுடுச்சு சார். உங்க விருது அன்னிக்கு."

"பாராட்டினவங்களுக்கு நன்றி சொல்லாம இருக்க முடியுமா? அது பண்பாடா?"

 மாஸ்டர், மனைவிக்கு நாள் நெருங்கிவிட்டது என்று மட்டும் சொன்னார்.  இயக்குநர் கல்நெஞ்சக்காரர் அல்ல. தனிச் சலுகையாக, ஒரே ஒரு தடவை, ரத்தத்தை எடுத்த கையோடு மருந்துக் குழாயில் விட்டு மிஷினுக்கு அனுப்பலாம் என்று அனுமதி கொடுத்தார். டெக்னீஷியன் ஓட்டமாக ஓடினார். சாயங்காலம் வந்த படம் மழை ஓய்ந்த வானம்போல நீலமாக இருந்தது. நர்ஸ்கூட ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள்.

மறுநாள் காலை அமர்வில் ஒலிபெருக்கி வழியாக மாஸ்டர் தன் தலையெழுத்தைக் கேட்டார்.

"நண்பர்களே! இந்த நீலப் படம் நமது நெறிமுறைக்குப் புறம்பாகப் பெறப்பட்டது. ஆகவே இதை நாம் கணக்கில் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொள்ளவும் போவதில்லை. நேற்று முன்தினம் கடும் சிவப்பு, நேற்று நீலம். இப்படி ஒரே நாளில் ஒளிந்துகொள்ளும் நோயை இதுவரை யாரும் விவரித்ததில்லை. நமது மாஸ்டர், மறைந்து தாக்கும் நிலையின் முதல் நோயாளி!"

கைதட்டல். கூட்ட அறைக்காரர்கள் கண்ணாடி வழியாக மாஸ்டரைத் திரும்பிப் பார்த்துப் புன்னகை செய்தார்கள். ஒருவர் கையசைத்தார்.

அதற்கப்புறம் மாஸ்டரைப் பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஆட்கள் வந்தால் வரவேற்புரை உண்டு. வரவேற்புரை உண்டென்றால் குழாய் கூடுதல் நேரம் நிற்கும். கூடுதல் நேரம் நின்றால் படம் கூடுதலாகச் சிவக்கும். அதைக் கேள்விப்பட்டு இன்னும் பெரிய ஆட்கள் வருவார்கள். மாஸ்டர் இந்தச் சுழலை ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்து யோசித்துப் பார்த்தார். வெளியே வருவதற்கு எங்கேயும் வழி தெரியவில்லை. தான் முக்கியமான ஆளாக ஆக ஆக வீடு தூரமாகிக்கொண்டே போவது மட்டும் அவருக்குப் புரிந்தது.

வந்தவர்களில் வெளிநாட்டு நிபுணர் ஒருவர் விவரமானவர். சோதனையில் மாஸ்டருக்குப் போட்டது எந்த ஊசி என்று கேட்டுவிட்டார். தேடிப் பார்த்ததில் அது தடுப்பூசியே இல்லை என்று தெரிந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர் போட்டிருந்தார்கள், மாஸ்டர் அந்தப் பாதியில் இருந்தார். உப்புத் தண்ணீர்க்காரர்கள் எல்லோருடைய படமும், ஊசிக்காரர்களுடையதைப் போலவே, நன்றாகச் சிவந்திருந்தது. கூட்ட அறையில் துணை இயக்குநர் மேஜையைப் பார்த்தார். இயக்குநர் மெதுவாக எழுந்தார்.

"வெறும் உப்புத் தண்ணீருக்கே மனித உடம்பு இவ்வளவு எழுச்சி காட்டுகிறது என்றால், நமது தடுப்பூசிக்கு எவ்வளவு காட்டும் என்று எண்ணிப் பாருங்கள்!"

நிபுணரும் கைதட்டினார். அவருக்கு அன்று மாலை விமானம்.

வீட்டைக் காப்பாற்றப் போட்டுக்கொண்ட ஊசியில் ஒன்றுமே இல்லை என்பது மாஸ்டருக்கு இப்படித்தான் தெரிய வந்தது. சாயங்காலம் மனைவியிடம் இதைச் சொல்லவில்லை. சொல்ல அவள் இடம் கொடுக்கவுமில்லை. போனை எடுத்ததும் அழுதாள். காலெல்லாம் வீங்கிவிட்டது, ராத்திரி புரண்டு படுக்க முடியவில்லை, பயமாக இருக்கிறது என்றாள். "நீங்க வந்து சும்மா பக்கத்துல உட்கார்ந்தா போதும்ங்க. ஒண்ணும் செய்ய வேண்டாம்," என்றாள். மாஸ்டர் வந்துவிடுகிறேன், வந்துவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். 

பல நாட்டு விஞ்ஞானிகள் கூடும் மாநாடு ஒன்று நிறுவனத்தில் ஏற்பாடாகியிருந்தது. தொடக்க நாள் காலையில் எடுத்த மாஸ்டரின் ரத்தத்தை மேடையில் கண்ணாடிப் பேழைக்குள் வைத்து, மேலே விளக்குப் போட்டிருந்தார்கள். மாநாடு முடியும்வரை அது அங்கேயே இருக்கும் என்று நர்ஸ் சொன்னாள். முடிந்த பிறகுதான் மிஷின், அதற்கப்புறம்தான் படம்.

அன்று மத்தியானம் மச்சினன் போன் செய்தான். மனைவியின் தம்பி. பின்னால் ஒரே சத்தம்.

"மாமா, அக்காவுக்கு வலி வந்துடுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துட்டோம். பிள்ளை குறுக்க இருக்காம், ஆபரேஷன்னு சொல்றாங்க. அக்கா உங்களைத்தான் கேக்குது. எவ்வளவு நேரத்துல வருவீங்க?"

மாஸ்டர் மணியை அடித்தார். விடாமல் அடித்தார். நர்ஸ் ஓடி வந்தாள், விஷயத்தைக் கேட்டு மேடைக்கு ஓடினாள். இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார். தேநீர் இடைவேளையில்தான் அவரால் வர முடிந்தது. கையில் இன்னும் கோப்பை இருந்தது.

"சார், என் பொண்டாட்டிக்கு ஆபரேஷன். பிள்ளை குறுக்க இருக்காம். விடுங்க சார்." மாஸ்டர் கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு பேசினார்.

"எனக்குப் புரியாம இல்ல. ஆனா உங்க ரத்தம் இப்ப மேடையில இருக்கே. அது இறங்காம மிஷினுக்குப் போகாது. மிஷினுக்குப் போகாம படம் வராது. படம் வராம உங்களை எப்படி அனுப்பறது?"

"ரத்தம் அங்கயே இருக்கட்டும் சார்! எத்தனை நாள் வேணா இருக்கட்டும்! நான் போறேன்!"

"நீங்க இப்படிப் போனா, நம்ம சட்டப்படி அந்த ஆஸ்பத்திரி உங்க மனைவியைப் பாதியிலயே வெளிய அனுப்பிடும். அதுக்கு நான் காரணமா இருக்க விரும்பல." இயக்குநர் ஒரு வாய் தேநீர் குடித்தார். "தைரியமா இருங்க. அறிவியலுக்காக நாம எல்லாருமே ஏதாவது ஒரு வகையில காத்துக்கிட்டுத்தான் இருக்கோம். நான் இன்னும் மதியச் சாப்பாடே சாப்பிடல."

அன்றுதான் மாஸ்டர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரைத் திட்டினார். தெரிந்த வார்த்தை எல்லாவற்றையும் சொல்லித் திட்டினார். நாற்காலியைத் தூக்கிக் கண்ணாடியில் அடித்தார். நாற்காலியின் கால்தான் உடைந்தது. இயக்குநர் ஓரடி பின்வாங்கி, உன்னிப்பாகப் பார்த்து, "நோய் மூளைக்கு ஏறுது," என்று துணை இயக்குநரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

பொழுது சாயும்போது பெண் குழந்தை பிறந்தது. இரண்டு உயிரும் பிழைத்தது. மச்சினன்தான் சொன்னான். மாஸ்டர் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அவர் போன் செய்தபோது மனைவி தூங்குவதாகச் சொன்னார்கள். பிறகு ஒருநாள் அவளே எடுத்தாள். குழந்தை நன்றாக இருக்கிறது, பால் குடிக்கிறது என்றாள். வேறு ஏதாவது கேட்பாள் என்று மாஸ்டர் காத்திருந்தார். வைக்கட்டுமா என்று கேட்டாள்.

மாநாடு முடிந்து விளக்கணைத்து, பேழையைத் திறந்து, குழாயை எடுத்து மிஷினில் வைத்தார்கள். படம் வந்தது. ஒரு புள்ளி சிவப்பு இல்லை. மேலிருந்து கீழ்வரை கரும் நீலம்.

இயக்குநர் அழாத குறைதான். "முழு மௌனம்! இப்படியொரு பூரண குணத்தை இந்த உலகம் பார்த்ததில்லை!" என்று ஒலிபெருக்கியில் சொன்னார். கண்ணாடிக் கதவைத் திறந்து மாஸ்டரைத் தோளோடு அணைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார். நாற்காலி விஷயத்தை மறந்துவிட்டதாகப் பெருந்தன்மையோடு அறிவித்தார். துணை இயக்குநர் அந்தப் பெருந்தன்மையைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும்போது மாஸ்டர் படியிறங்கிவிட்டார்.

கீழே டெக்னீஷியன் நின்றுகொண்டிருந்தார். கதவுவரை கூடவே நடந்தார்.

"நிஜமாவே சரியாயிடுச்சா?" என்று மாஸ்டர் கேட்டார். கேட்ட பிறகுதான், தனக்கு ஒன்றுமே இருந்ததில்லை என்பது ஞாபகம் வந்தது.

"சரியாகறதாவது. கெட்டுப்போச்சு மாஸ்டர். கொஞ்ச நேரம் காக்க வெச்சாத்தான் கத்தும். நாள்கணக்கா வெச்சுட்டா கத்தறதுக்கு உள்ள ஒண்ணும் மிச்சம் இருக்காது. நல்லா இருந்து சும்மா இருக்கறதும், செத்துச் சும்மா இருக்கறதும் மிஷினுக்கு ரெண்டும் நீலம்தான்." அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "நீங்க போங்க. மறுபடி கூப்பிட்டாங்கன்னா வராதீங்க."

மாஸ்டர் வீட்டுக்குப் போனபோது கதவு திறந்திருந்தது. மனைவி கட்டிலில் உட்கார்ந்து குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். குழந்தை பக்கத்தில் தூங்கியது. அவரைப் பார்த்ததும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"வந்துட்டீங்களா. சாப்பிட்டீங்களா?"

"இல்ல."

"தம்பி வருவான், வாங்கிட்டு வரச் சொல்றேன். பாப்பாவைத் தூக்கணும்னா கையைக் கழுவிட்டு வாங்க."

வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி இருந்தது. மாஸ்டர் கையைக் கழுவிவிட்டு வந்தார். குழந்தையைத் தூக்கத் துணிவில்லாமல் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னார். மேஜை, மரத்தாங்கி, நன்றியுரை, உப்புத் தண்ணீர், மேடை விளக்கு, ஒன்றையும் விடவில்லை. வேறு யாராவது கேட்டால் சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகியிருக்கும், இல்லையென்றால் ஐயோ பாவம் என்று வாயில் அடித்துக்கொண்டிருப்பார்கள். அவள் மடித்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் "சரி" என்றாள்.

"ஏதாவது சொல்லேன்மா."

"என்ன சொல்றது?"

"திட்டவாவது திட்டேன். வாயில என்ன கொழுக்கட்டையான்னு கேட்டியே, அந்த மாதிரி."

அவள் கையிலிருந்த துணியை மடித்து முடித்து, மற்றவற்றின் மேல் வைத்து, ஓரத்தைச் சமன் செய்தாள்.

"திட்டினேங்க. நிறைய திட்டினேன். நாள் பூரா அழுதேன். ஆபரேஷனுக்கு உள்ள தள்ளிக்கிட்டுப் போறப்ப உங்க பேரைச் சொல்லிக் கத்தினேன், பக்கத்து வார்டுல இருந்தெல்லாம் எட்டிப் பார்த்தாங்களாம். அப்புறம் ஒண்ணும் வரல."

கோபமாகச் சொல்லவில்லை. குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. குழந்தை சிணுங்கியது. அவள் அதைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, அவருக்கு முதுகு காட்டித் திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்தாள்.

மாஸ்டர் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவருகே டெக்னீஷியன் சொன்னது ஞாபகம் வந்தது. இத்தனை நாளில் இப்போதுதான் அவருக்கு உண்மையான பயம் வந்தது.